சுயசான்றில் வீட்டு அனுமதி: மனு போடுவதற்கு முன் நீங்கள் முடிக்க வேண்டிய வேலைகள்

1,200 சதுர அடி மனையில் ஒரு சின்ன வீடு கட்ட எனக்கு அனுமதி கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதில் அனுமதி என்ற வேலைக்குப் போனது ஒரே ஒரு மத்தியானம்தான். பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் ஆணை திரையில் வந்து நின்றது. மீதி நாட்கள் முழுக்கப் பட்டா, அளவு, தாய்ப்பத்திரம் என்று காகிதங்களைச் சரிசெய்வதிலேயே கரைந்தன. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி நாட்களை மிச்சம் பிடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் ஓர் அதிகாரி உங்கள் வரைபடத்தைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவார். எரிச்சலாக இருந்தாலும் அது ஒரு காவல். சுயசான்று முறையில் முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. ‘எல்லாம் விதிப்படி இருக்கிறது’ என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அதனால் அந்த அதிகாரி பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் மனு போடுவதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

1. உங்கள் வீடு இந்தத் திட்டத்துக்குள் வருகிறதா?

தமிழக அரசு 2024 ஜூலையில் இதைத் தொடங்கியபோது அறிவித்த வரம்பு இது: மனை 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள். தரைத்தளம் மட்டும், அல்லது தரைத்தளமும் முதல் தளமும். குடியிருப்பு மட்டுமே.

கடைசி வார்த்தையில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘கீழே முன்பக்கம் ஒரு கடை, மேலே வீடு’ என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அது குடியிருப்பு ஆகாது. வரைபடத்தில் ‘வரவேற்பறை’ என்று போட்டுவிட்டுப் பிறகு ஷட்டர் மாட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் வருவார்கள். கேட்காதீர்கள். பிறகு கடைக்குத் தொழில் உரிமம் கேட்கும்போதும், வணிக மின் இணைப்பு கேட்கும்போதும் அந்த வரைபடம்தான் மேசைக்கு வரும்.

மொட்டைமாடியில் ஓர் அறை போடுவதும் இதே கதைதான். படிக்கட்டுக்கு மேல் தலைமறைப்பு வேறு, அதையொட்டி ஒரு அறையும் கழிப்பறையும் வேறு. பின்னது இன்னொரு தளம்.

பரப்புக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 3,500 என்பது திட்டத்தின் உச்சவரம்பு. உங்கள் மனைக்கு அவ்வளவு கட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. எல்லாத் தளங்களையும் கூட்டினால் மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்குக்குள் நிற்க வேண்டும். 1,200 சதுர அடி மனைக்கு 2,400. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைக்குக் கணக்குப்படி 4,800 வரும். ஆனால் சுயசான்றில் 3,500-உடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வரம்புக்குள் வரவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். வழக்கமான வழி இருக்கிறது. கட்டடம் 10,000 சதுர அடிக்குள், 8 குடியிருப்புகளுக்குள் என்றால் உங்கள் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். அதற்கு மேல் போனால் சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). அங்கே பரிசீலனையும் இட ஆய்வும் உண்டு. நாளும் கூடும், கட்டணமும் கூடும். கடை, பட்டறை, சிறு தொழிற்கூடம் என்று போகிறவர்கள் 2018-ஆம் ஆண்டின் தொழில் எளிதாக்கல் சட்டத்தின் கீழ் நடக்கும் ஒற்றைச்சாளர இணையதளத்தைப் பாருங்கள். பல துறைகளின் அனுமதிகளை அங்கே ஒரே இடத்தில் கேட்கலாம்.

2. மனைக்கு அங்கீகாரம் உண்டா?

வீட்டு அனுமதி வேறு, மனை அங்கீகாரம் வேறு. மனைக்கு அங்கீகாரம் இல்லாமல் வீட்டுக்கு அனுமதி இல்லை.

உங்கள் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் படியுங்கள். அங்கே மனைப்பிரிவின் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண்ணும் ஆண்டும் இருந்தால் நல்லது. அந்த எண்ணை வைத்து ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண் அதில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். விற்றவர் கொடுத்த வண்ண நோட்டீஸ் வரைபடத்தை நம்ப வேண்டாம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் நோட்டீஸில் மனையாக இருந்ததைப் பக்கத்துத் தெருவிலேயே பார்த்தேன்.

எண் இல்லை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானதா என்று பாருங்கள். அப்படியானவற்றுக்குத்தான், அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்த, 2017-ஆம் ஆண்டின் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. முன்பு வைத்திருந்தவர் வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அதன் நகலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பணம் கட்டியாச்சு’ என்று ரசீதை மட்டும் காட்டுவார்கள். ரசீது ஆணை ஆகாது.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பழைய வரைபடம் அது. அதை மனை அங்கீகாரமாக வைத்து மனு போடாதீர்கள். வீட்டு அனுமதியும் இப்போது ஊராட்சி முதல் மாநகராட்சி வரை இணையவழிதான். கையால் எழுதி முத்திரை குத்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தத் தாளுக்கு மதிப்பு கிடையாது.

நீர்நிலைக் கரை, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், மலைப்பகுதி, உயரழுத்த மின்கம்பி, விமான நிலையச் சுற்றுப்புறம் இவற்றில் ஏதாவது உங்கள் மனைக்குப் பக்கத்தில் இருந்தால், சம்பந்தப்பட்ட துறையிடம் கேட்காமல் சுயசான்றில் கை வைக்க வேண்டாம்.

3. பட்டாவைச் சரிசெய்யுங்கள், அதிக நாள் பிடிப்பது இதுதான்

அரசின் நில ஆவணத் தளமான தமிழ்நிலத்தில் உங்கள் பட்டாவை எடுத்து, பத்திரத்தோடு பக்கத்தில் வைத்து மூன்றைப் பாருங்கள்: பெயர், சர்வே எண், பரப்பு.

பெயர். பத்திரத்தில் தலைப்பெழுத்து ஒன்று, பட்டாவில் இன்னொன்று என்றால் இப்போதே மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் தனிப்பட்டா ஆக்குவதுதான் நிம்மதி. எனக்கு அதுதான் இருந்தது. என் பெயரோடு எனக்கு முன்பின் தெரியாத பதினொரு பேர் வரிசையில் இருந்தார்கள். மனைப்பிரிவு போட்டபோது முழு நிலத்துக்கும் இருந்த பட்டாவில் வாங்கியவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள், உட்பிரிவு செய்யவே இல்லை.

சர்வே எண். பத்திரத்தில் 112/3 என்று இருக்கும். பிறகு உட்பிரிவு ஆகி இப்போது 112/3பி7 என்று மாறியிருக்கும். மனுவில் இப்போதைய எண்தான் வர வேண்டும். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் தொடர்பு காட்ட ஒரு தாள் கையில் இருக்கட்டும்.

பரப்பு. பட்டா ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1,076 சதுர அடி. என் பத்திரத்தில் 1,200 சதுர அடி. பட்டாவில் 0-01.11. அதாவது 111 சதுர மீட்டர். பெருக்கினால் 1,195 சதுர அடிதான். தசமத்தை வெட்டியதால் வந்த ஐந்தடி வித்தியாசம். சின்னதுதான். ஆனால் கணக்குக்கு எப்போதும் குறைந்த அளவையே எடுங்கள்.

முழு சர்வே எண்ணையும் அப்படியே வாங்கியிருந்தால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறிவிட வாய்ப்பு உண்டு. உட்பிரிவு தேவை என்றால் இ-சேவை மையத்திலோ இணையத்திலோ மனு போட வேண்டும். சர்வேயர் வந்து அளக்க வேண்டும். பிறகு தாசில்தார் அலுவலகத்தில் உத்தரவு ஆக வேண்டும். எனக்கு இது ஏழு வாரம். முதல் மனு தள்ளுபடி ஆனது. நான் பத்திரத்தின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் ஏற்றியிருந்தேன், சொத்து விவரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முழுப் பத்திரத்தையும் ஏற்றுங்கள், வெறும் முத்திரை மட்டும் இருக்கும் பின்பக்கங்கள் உட்பட. மனு எண்ணை வைத்து வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். சர்வேயர் வரும் நாளில் நீங்கள் இடத்தில் இல்லாமல் போனால் அந்த மனு அங்கேயே கிடக்கும்.

வீடு கட்டும் எண்ணம் வந்த அன்றே பட்டா மனுவைப் போட்டுவிடுங்கள். வரைபடம், கடன், மேஸ்திரி எல்லாம் அது நடந்துகொண்டிருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

4. அளந்துவிட்டு வரையுங்கள்

என் மனை பத்திரப்படி 30-க்கு 40. பொறியாளர் அதை வைத்தே வரைந்தார்: வீட்டின் அகலம் 24 அடி, பக்கத்துக்கு மூன்றடி இடைவெளி. பார்க்க அழகாக இருந்தது. பட்டாவுக்காகச் சர்வேயர் வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. முன்பக்கம் 30 அடி சரி. பின்பக்கம் டேப்பை இழுத்தால் 29 அடி 4 அங்குலத்தில் நிற்கிறது. வடகிழக்கு மூலைக் கல்லைக் காணவில்லை. தேடித் தேடி, பக்கத்து வீட்டுத் துவைக்கிற கல்லுக்கு அடியில் இருந்த சிமெண்டுத் திண்டின் ஓரத்தில் அதன் தலை மட்டும் தெரிந்தது. கல் சரியான இடத்தில்தான் இருந்தது. பத்திரத்தில்தான் யாரோ அந்தக் காலத்தில் கண்ணளவில் 30 என்று எழுதியிருக்கிறார்கள்.

எட்டு அங்குலம். ‘இதுக்கெல்லாமா சார் மாத்துவீங்க, யாரு வந்து அளக்கப் போறாங்க’ என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் இல்லை, ஊரில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த வரைபடத்தை நான் ஏற்றியிருந்தால், பின்பக்கத்தில் மூன்றடி இடைவெளி இருக்கிறது என்று இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் எழுதினால் போதும். தகவல் தவறு என்றானால் அனுமதியே நிற்காது. அனுமதி இல்லாத கட்டடத்தின் மேல் நோட்டீஸ் விடவும் பூட்டி முத்திரை வைக்கவும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. வீட்டின் அகலத்தை 23 அடியாகக் குறைத்தோம். படுக்கையறையில் ஓர் அலமாரி போயிற்று, அவ்வளவுதான்.

எனவே வரிசை இதுதான்: முதலில் உங்கள் சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள அரசுப் புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை எடுங்கள். எல்லைக் கல் காணாமல் போயிருந்தால், எல்லையை அளந்து காட்டும் எஃப்-லைன் அளவைக்கு மனு போட்டு அரசு சர்வேயரை வரவழையுங்கள். நான்கு பக்கத்தையும், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் சரியாக இருந்து மூலைவிட்டம் இரண்டும் சமமில்லை என்றால் மனை நேர்செவ்வகமாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. முன்பக்க இடைவெளி உங்கள் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. சாலை எவ்வளவு அகலம் என்று அவர் எங்கிருந்து எடுத்தார்? மனைப்பிரிவு வரைபடத்திலா, நேரில் அளந்தா? மழைநீர் சேகரிப்புக் குழி வரைபடத்தில் எங்கே? இது கட்டாயம், வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி எங்கே? வாசல் படியும் வண்டி ஏற்றும் சரிவும் மனைக்குள் முடிகிறதா, இல்லை சாலையில் போய் இறங்குகிறதா?

வரைபடத்துக்கு எங்கள் பக்கத்தில் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் கேட்டார்கள். ‘அனுமதி வரை எல்லாம் சேர்த்து 45,000’ என்று ஒருவர் சொன்னார். அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டேன். பிரித்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நீங்களும் பிரித்தே கேளுங்கள்.

5. மனுவுக்கு முன் கோப்பைக் கட்டுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை, அளவோடு கூடிய கட்டட வரைபடம், மனையின் இன்றைய புகைப்படம், உங்கள் அடையாள அட்டை. தளம் இவை எல்லாவற்றையும் கேட்காமல் இருக்கலாம். வங்கி கேட்கும், பிறகு ஒரு புகார் வந்தால் நீங்களே தேடுவீர்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். 30 ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் கடனுக்கு எப்படியும் வேண்டும். பழைய சர்வே எண்ணிலும் புது எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் வரும்.

மனை இரண்டு பேர் பெயரில் இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அதிகாரப் பத்திரத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், அது வாரக்கணக்கில் இழுக்கும்.

கைப்பேசியில் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தை ஏற்ற வேண்டாம். கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வோர் ஆவணமும் ஒரே பி.டி.எஃப். ஆக, பக்க வரிசை மாறாமல் இருக்கட்டும்.

6. மனுவை உங்கள் கைப்பேசி எண்ணில் போடுங்கள்

கட்டட அனுமதிக்கான அரசின் ஒற்றைச்சாளரத் தளத்தில் முதலில் கணக்குத் தொடங்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. உதவிக்கு வருபவர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுக் கணக்குத் தொடங்குவார். ஓ.டி.பி. அவருக்கு, ஆணை அவருக்கு, பிறகு வரும் அறிவிப்பும் அவருக்கு. கூலித் தகராறு வந்தால் உங்கள் ஆணையைப் பார்க்க நீங்கள் அவரைக் கெஞ்ச வேண்டும். தட்டச்சு அவர் செய்யட்டும். எண் உங்களுடையதாக இருக்கட்டும்.

சுயசான்று உறுதிமொழியை ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைத் தொடும் முன் வரைபடத்தில் உள்ள மனைப் பரப்பு, மனுவில் தட்டிய மனைப் பரப்பு, பட்டாவின் பரப்பு மூன்றும் ஒன்றா என்று இன்னொருவரை வைத்துச் சரிபாருங்கள். சதுர அடியையும் சதுர மீட்டரையும் மாற்றிப் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு. 2,500 சதுர அடி என்பது 232 சதுர மீட்டர்.

7. கட்டணம்

பரிசீலனைக் கட்டணமும், உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணமும் இந்தத் திட்டத்தில் இல்லை. மற்றது பரப்புக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வரும். ஊராட்சியில் குறைவு, பெருநகரில் அதிகம். தொகையைத் தளமே போட்டுக் காட்டும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்கப்படும் எதற்கும் ரசீது கேளுங்கள்.

கணக்கில் பணம் போய், தளத்தில் ‘செலுத்தவில்லை’ என்று காட்டினால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் வரை பொறுங்கள். எனக்கு மாலையில் கட்டியது காலையில்தான் ஏறியது.

8. ஆணை வந்த பிறகு

ஆணையையும் வரைபடத்தையும் தரவிறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். பெரிய தாளில் ஒன்று அச்செடுத்து, மேஸ்திரி தினமும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வானம் தோண்டக் கயிறு கட்டும் அன்று நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். டேப் உங்கள் கையில் இருக்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு ஆறு அங்குலத்தைத் திரும்ப வாங்க முடியாது.

கட்டும்போது திட்டம் மாறினால், மாற்றத்துக்கும் அனுமதி வாங்கிய பிறகு கட்டுங்கள். வங்கிக் கடன் எடுப்பவர்கள் ஒரு சங்கதி கவனியுங்கள்: என் வங்கிக் கிளையில் சுயசான்று ஆணையைப் பார்த்துவிட்டு ‘முத்திரை எங்கே’ என்று கேட்டார்கள். ஆணை எண்ணைத் தளத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். கடன் மனுவுக்கு முன்பே கிளையில் இதைக் கேட்டுவிடுங்கள்.

கட்டுமானத்துக்குத் தற்காலிக மின் இணைப்பு வாங்க வேண்டும். அதன் யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட அதிகம். எனவே வேலை முடிந்ததும் வீட்டு இணைப்புக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தத் திட்டத்தில் கட்டிய வீட்டுக்கு முடிவுச் சான்று, அதாவது அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான சான்று, தேவையில்லை. மின்வாரிய அலுவலகத்தில் யாராவது அதைக் கேட்டால், விலக்கு உண்டு என்ற ஆணையின் நகலைக் காட்டுங்கள். அதே வாரத்தில் உள்ளாட்சியில் வீட்டு வரி விதிப்புக்கும் மனு போடுங்கள். அளக்க வருபவரிடம் அனுமதி வரைபடத்தையே கொடுத்துவிட்டால், அவர் எழுதும் பரப்பும் உங்கள் ஆணையில் உள்ள பரப்பும் ஒன்றாகவே பதிவாகும்.